பள்ளியில் சூடான மதியச் சாப்பாடு, வீட்டில் ராத்திரிக்கு என்ன?

பள்ளியிலேயே மதியம் சூடாகச் சமைத்துப் போடுகிறார்கள் என்றால் வீட்டில் இரவுச் சமையல் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இந்த முறை அதிகம் பேர் கேட்டிருக்கும் கேள்வி. ஒரே வரியில் கேட்டவர்களும் உண்டு, வீட்டு நிலவரம் முழுவதையும் பக்கம் பக்கமாக எழுதியவர்களும் உண்டு. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். நோய் எதுவும் இல்லாமல் வயதுக்கேற்ப வளர்ந்து வரும் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்லும் பதில்கள் இவை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை, எடை குறைந்துகொண்டே வரும் குழந்தை, உணவு ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் இங்கே படித்ததை வைத்து எதையும் மாற்றிவிடாதீர்கள், உங்கள் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 7 வயதில் மகள், 10 வயதில் மகன். இந்த ஆண்டு முதல் இருவருக்கும் பள்ளியிலேயே மதியச் சாப்பாடு. நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஆசிரியை சொல்கிறார். ஆனால் இரவு 8 மணிக்கு நான் முழுச் சாப்பாடு சமைத்து வைத்தால் மகள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள், மகன் தட்டில் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். ஊட்டிவிட்டால் வாயிலேயே வைத்துக்கொள்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் போராட்டம். அரை வயிற்றோடு படுத்தால் இளைத்துப்போவார்களே என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பிள்ளைகளுக்குக் கோளாறு எதுவும் இல்லை அம்மா. அவர்களுக்கு அந்த நேரத்தில் அவ்வளவு பசி இல்லை, அதைத்தான் உங்களிடம் சொல்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,500 கலோரி தேவை, 10 வயதுப் பையனுக்கு 1,800 முதல் 2,000 வரை. ஓடியாடும் அளவைப் பொறுத்து இது கூடும், குறையும். பள்ளி மதிய உணவு ஒரு நாளின் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்று பல நாடுகளில் திட்டமிடுகிறார்கள். 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சூடான மதிய உணவு கொடுத்து வரும் பின்லாந்திலும் ஏறக்குறைய இதே அளவுதான். காலையில் கால் பங்கு போய்விடுகிறது, பள்ளி விட்டு வந்ததும் தின்பதில் இன்னும் கொஞ்சம் போய்விடுகிறது. கடைசியில் இரவுக்கு மிஞ்சுவது கால் பங்கு, அதாவது உங்கள் மகளுக்கு 350 முதல் 400 கலோரி, மகனுக்கு 450 முதல் 500. இரண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு சின்னப் பழம் என்று எடுத்துக்கொண்டாலே உங்கள் மகளின் கணக்கு நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் நீங்கள் ஒரு முழுச் சாப்பாட்டை வைக்கும்போது அவள் நாலு வாயோடு எழுந்துவிடுவது இயல்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991-இல் அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2 முதல் 5 வயது வரை உள்ள 15 குழந்தைகளை ஆறு நாட்கள் கவனித்து, ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டார்கள் என்று அளந்தார்கள். ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் இடையே அளவு பெரிதும் மாறியது, சராசரியாக 34 சதவீதம் வரை ஏற்ற இறக்கம். ஆனால் நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தபோது அந்த ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்கு அருகில்தான் இருந்தது. ஒரு வேளை அதிகம் சாப்பிட்ட குழந்தை அடுத்த வேளையில் தானாகவே குறைத்துக்கொண்டது. அந்தக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. அதனால் ராத்திரித் தட்டை மட்டும் பார்த்துப் பயப்படாமல், ஒரு முழு நாளில், முடிந்தால் ஒரு வாரத்தில், என்னவெல்லாம் உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள்.

இந்தத் திறமை எல்லா வயதிலும் அப்படியே நிற்பதில்லை. 2000-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தட்டில் அதிகம் வைத்தபோதும் 3 வயதுக் குழந்தைகள் வழக்கமான அளவுதான் சாப்பிட்டார்கள், 5 வயதுக் குழந்தைகளோ தட்டில் இருந்ததற்கேற்ப அதிகம் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு வயது இடைவெளியில் வெளியிலிருந்து வருவது வயிற்றின் பேச்சை அமுக்க ஆரம்பித்துவிடுகிறது. மிச்சம் வைக்காதே, தட்டைக் காலி பண்ணு என்று நாம் அன்போடு சொல்லச் சொல்ல அது இன்னும் அமுங்கும். உங்கள் பிள்ளைகள் 7 வயதிலும் 10 வயதிலும் வயிறு சொல்வதைக் கேட்டு நிறுத்துகிறார்கள் என்றால் அதைக் காப்பாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் நேரத்தை மாற்றுங்கள். 8 மணி இவர்களுக்கு ரொம்பத் தாமதம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 6 மணிக்கு எழ வேண்டிய குழந்தை 9 மணிக்குள்ளாவது தூங்கியிருக்க வேண்டும். 8 மணிக்கு உட்கார்ந்து ஒரு மணி நேரம் போராடினால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் நேரமே இல்லை. 6:30-க்கு, முடிந்தால் இன்னும் சீக்கிரமாகவே கொடுத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பசியும் இருக்கும், தூக்கக் கலக்கமும் இருக்காது. இரண்டாவது, ஊட்டுவதை நிறுத்துங்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது அவர்கள் பொறுப்பு. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் முறை இது. இதைவிட வீட்டில் நிம்மதி தரும் ஒரு முறை எனக்குத் தெரியவில்லை. கொஞ்சமாக வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். 20 அல்லது 30 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். திட்டாமல், முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி. முதல் சில நாட்கள் அவர்கள் உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள், நீங்கள் மாறாமல் இருங்கள்.

கேள்வி: மதியம் பள்ளியில் சாப்பிட்டு வரும் குழந்தைக்கு இரவில் லேசான உணவு என்றால் சூப்பும் பழமும் போதுமா? 6 வயது மகனுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். நடு இரவில் எழுந்து பசிக்கிறது என்கிறான்.

பதில்: போதாது, அவன் எழுந்திருப்பதே அதனால்தான் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் உடம்பைக் குறைக்கச் சாப்பிடுவதைக் குழந்தைக்கும் கொடுத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. காய்கறி சூப்பில் பெரும்பகுதி தண்ணீர். சின்ன வயிறு அதில் சட்டென்று நிரம்பிவிடும், திரவம் என்பதால் சீக்கிரமே இரைப்பையை விட்டு இறங்கியும் விடும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசி வரும்.

குழந்தையின் இரவு உணவில் லேசு என்பதற்கு நான் பார்ப்பது மூன்றுதான். அளவு கொஞ்சம், எண்ணெயும் நெய்யும் வெண்ணெயும் கொஞ்சம், நேரம் சீக்கிரம். கொழுப்புதான் இரைப்பையில் அதிக நேரம் தங்குவது, பொரித்ததும் வறுத்ததும் மந்தமாக உட்கார்ந்திருப்பது அதனால்தான். ஆனால் சத்தில் லேசு கூடாது. ஒவ்வொரு இரவும் மாவுச்சத்தில் ஒன்று, புரதத்தில் ஒன்று, காயோ பழமோ ஒன்று, இந்த மூன்றும் தட்டில் இருக்கட்டும்.

புரதத்துக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். 6 வயதில் 20 கிலோ எடை இருக்கும் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 20 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம், கெட்டியாக வெந்த பருப்பு அரை கப்பில் 8 கிராமுக்கு மேல். இரவில் இவற்றில் ஒன்று இருந்தாலே நிறைவு. சோறும் பருப்பும் கேரட்டும் குழைய வேகவைத்தது, ரொட்டிக்குள் முட்டையும் வெள்ளரிக்காயும், வேகவைத்த உருளைக்கிழங்கோடு தயிர், பாலில் வேகவைத்த ஓட்ஸோடு வாழைப்பழம், இப்படி உங்கள் அடுப்படிக்கு எது வருமோ அது. சூப்பை நிறுத்த வேண்டியதில்லை, அதிலேயே பருப்போ கோழித் துண்டோ போட்டு, தொட்டுக்கொள்ள ரொட்டி கொடுத்தால் அது சாப்பாடாகிவிடும். பருப்பு, கீரை இருக்கும் நாளில் கூடவே ஆரஞ்சு, தக்காளி மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றை வையுங்கள். தாவர உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும்.

உடனடி நூடுல்ஸ் லேசான உணவுதானே என்று கேட்ட மூன்று நான்கு பேருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்கு லேசாக இருக்கலாம், உப்பு அதிகம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து அதை 2.5 ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு மில்லிகிராமில் கிடைக்கும். 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 3 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனில் பின்பற்றப்படும் அளவு. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவெடுங்கள்.

கேள்வி: என் மகள் 4 மணிக்கு வந்ததும் கொலைப்பசி என்கிறாள். பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் என்று கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே போகிறது. 7 மணிக்குச் சாப்பாடு வேண்டாம் என்கிறாள்.

பதில்: மதியம் 12 அல்லது 12:30-க்குச் சாப்பிட்ட குழந்தைக்கு 4 மணிக்குப் பசிப்பது நியாயமான பசி. மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, நடுவில் விளையாட்டு வேறு. பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுச் சண்டைக்குக் காரணம் தேடினால் இந்த 4 மணியில்தான் போய் நிற்கும். அவளுக்கு நல்ல பசி இருக்கிற நேரத்தில் பிஸ்கட் கொடுத்துவிட்டு, பசி அடங்கிய நேரத்தில் காய்கறி கொடுக்கிறோம். இதை அப்படியே திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. வீட்டில் யாராவது இருப்பார்கள் என்றால் இரவுச் சாப்பாட்டையே 5:30-க்குக் கொண்டுவந்துவிடலாம். வந்ததும் தண்ணீரும் நாலு துண்டு பழமும், 5:30-க்கு முழு உணவு, தூங்கப் போகும் முன் தேவைப்பட்டால் அரை டம்ளர் பால். முடியாத வீட்டில் 4 மணித் தீனியையே ஒரு குட்டிச் சாப்பாடாக மாற்றுங்கள். அவித்த சுண்டலோ வேர்க்கடலையோ, தயிரும் பழமும், முட்டை, நறுக்கிய வெள்ளரி, இப்படி. அதைச் சாப்பிட்டுவிட்டு 7 மணிக்கு அவள் கொஞ்சமாகச் சாப்பிட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, நல்லதெல்லாம் முன்பே உள்ளே போய்விட்டது. 5 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் முழுக் கடலையை அவர்கள் கைக்கு எட்ட வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள்.

ஜூஸ் பற்றி: வீட்டில் பிழிந்ததாக இருந்தாலும் நார் போய்விட்ட சர்க்கரைத் தண்ணீருக்கு அருகில் வந்துவிடுகிறது. 4 முதல் 6 வயதில் ஒரு நாளைக்கு 120 முதல் 180 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். பழமாகவே கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

கேள்வி: பள்ளியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்கிறான். உண்மையில் சாப்பிட்டானா என்று தெரியாமல் எப்படி இரவு உணவைக் குறைப்பது?

பதில்: சரியான கேள்வி. மேலே நான் சொன்னதெல்லாம் குழந்தை மதியம் நன்றாகச் சாப்பிடுகிறது என்ற ஒன்றின் மேல்தான் நிற்கிறது. பள்ளியில் சமைத்துப் போடுகிறார்கள் என்பதும் உங்கள் பையன் அதைச் சாப்பிடுகிறான் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. சத்தமான கூடம், குறைந்த நேரம், பழகாத ருசி, வரிசையில் நின்று வாங்கக் கூச்சம், நண்பன் கூப்பிடுகிறான் என்று பாதியில் ஓடுவது என்று காரணங்கள் பல. சேர்ந்த புதிதில் பல குழந்தைகள் பாதிதான் சாப்பிடுவார்கள், அதற்காக அவர்களைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம்.

வாசலிலேயே விசாரிக்காதீர்கள். வந்து, முகம் கழுவி, ஏதாவது தின்றுகொண்டிருக்கும்போது பேச்சோடு பேச்சாக, "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட? அவன் எதை மிச்சம் வச்சான்?" என்று கேட்டுப் பாருங்கள், அவன் மிச்சம் வைத்ததும் வெளியே வரும். பள்ளியின் வார உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கி அடுப்படியில் ஒட்டுங்கள். ஆசிரியரிடம் பேசும்போது சாப்பிடுகிறானா என்று பொதுவாகக் கேட்காமல், தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறான், எந்தெந்த நாளில் என்று கேளுங்கள். வீட்டிலும் அறிகுறி தெரியும். வந்ததும் எரிச்சல், அழுகை, தலைவலி, பிஸ்கட் டப்பாவை விட்டு நகராமல் நிற்பது, இதெல்லாம் வாரத்தில் பல நாள் இருந்தால் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு இரவு லேசான உணவு கொடுக்கக் கூடாது. சீக்கிரம் கொடுங்கள், ஆனால் முழுச் சாப்பாடாகக் கொடுங்கள், மதியப் பிரச்சினை தீரும் வரை இதுவே தொடரட்டும். பட்டியலில் அவனுக்குப் பிடிக்காத ஒரு பண்டம் இருந்தால் விடுமுறை நாளில் வீட்டிலும் ஒரு கரண்டி சமைத்து, வற்புறுத்தாமல் தட்டில் வைத்துப் பழக்குங்கள். ஒரு புது ருசியை ஏற்றுக்கொள்ளக் குழந்தைக்குப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகும்.

கேள்வி: மதியம் சூடாகச் சாப்பிட்டாலும் இரவிலும் சுடச்சுடச் சமைத்ததைத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். ரொட்டி, முட்டை, பழம் என்று கொடுத்தால் அது சாப்பாடா என்று கேட்கிறார்.

பதில்: பேரப்பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார், அதனால் மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். பால், முட்டை, பருப்பு, பழம் எதுவானாலும் அதில் உள்ள சத்து சூடாக இருப்பதால் கூடுவதோ ஆறியிருப்பதால் குறைவதோ இல்லை. மதியம் ஒரு முறை சமைத்த சாப்பாடு கிடைத்துவிட்டால் இரவு அடுப்பே பற்றவைக்காத ஒரு தட்டும் நல்ல தட்டுதான். ஆனால் ஒன்று, குளிர்ந்த நாளில் மாலையில் சூடாக ஏதாவது உள்ளே போனால் குழந்தைக்கு இதமாக இருக்கும், அதில் அத்தை சொல்வதும் சரி. ஒரு கிண்ணம் பருப்புத் தண்ணீரோ சூடான பாலோ சேர்த்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் திருப்தி.

கேள்வி: என் கணவர் வேலை முடிந்து வர 8:30 ஆகும். எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. குழந்தைகளைக் காக்க வைப்பதா, தனியாகக் கொடுத்துவிடுவதா?

பதில்: அந்த ஆசை நல்ல ஆசை, அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்தே காய்கறி தின்னப் பழகுகிறார்கள், அன்றைக்கு நடந்ததைப் பேசுகிறார்கள். ஆனால் 8:30 வரை காக்க வைத்தால், குழந்தை அதற்குள் தீனியால் வயிற்றை நிரப்பிக்கொள்ளும், இல்லையென்றால் பசி தாண்டிப்போய்த் தட்டின் முன்னாலேயே தூங்கி விழும். நிறைந்த வயிற்றோடு உடனே படுத்தால் சில குழந்தைகளுக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு வரும், தூக்கமும் கெடும்.

குழந்தைகளுக்கு 6:30-க்குக் கொடுத்துவிடுங்கள், நீங்களும் தட்டு எடுத்து அவர்களோடு உட்காருங்கள். நின்றுகொண்டு பரிமாறுவது உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவதற்கு ஈடாகாது. அவர் வந்ததும் குழந்தைகள் விழித்திருந்தால் அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டுப் பழம் தின்னட்டும், அதுவும் சேர்ந்து சாப்பிடுவதுதான். காலைச் சாப்பாட்டை அப்பாவோடு என்று வைத்துக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள். கால் மணி நேரம் முன்னால் எழுந்தால் நடக்கும், அந்த நேரத்தில் யாரும் களைத்திருக்க மாட்டார்கள். விடுமுறை நாளில் மதியம் எல்லோரும் சேர்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள், அப்போது பெரிய சாப்பாடு மதியம், சிறியது இரவு என்ற பள்ளி நாள் ஒழுங்கும் கலையாமல் இருக்கும்.

கேள்வி: நானும் வேலைக்குப் போகிறேன். காலையிலேயே இரவுக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போகிறேன், மாலையில் சூடாக்கிக் கொடுத்தால் போதும்தானே?

பதில்: மூடி வைத்துவிட்டு என்பது அடுப்படி மேடையில் என்றால், தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் கொளுத்தும் நாளில் 1 மணி நேரம். சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும் கொதியிலும் சாகாமல் தங்கும், சோறு வெளியில் கிடக்கக் கிடக்க அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மாலையில் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேனே என்று நாம் நம்புவது இங்கே உதவாது.

காலையில் சமைத்ததை அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள், ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கட்டும். மாலையில் சாப்பிடப்போகும் அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள், மறுபடி மறுபடி சூடாக்க வேண்டாம். இதற்கெல்லாம் காலையில் நேரமில்லை என்றால் முட்டை, ரொட்டி, தயிர், பழம் என்று மாலையில் பத்து நிமிடத்தில் ஆகும் உணவே உங்களுக்குச் சரி. மதியம் பள்ளியில் சாப்பிட்டு வரும் குழந்தைக்கு அது தாராளமாகப் போதும், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

கேள்வி: 14 வயது மகன், மாலை 6:30 வரை கால்பந்து பயிற்சி. அவனுக்கும் இதே லேசான உணவுதானா?

பதில்: இல்லை, அவன் வேறு கணக்கு. இந்த வயதில் விளையாடும் பையனுக்கு ஒரு நாளைக்கு 2,500 முதல் 3,000 கலோரி வரை தேவைப்படும். மதியச் சாப்பாடு பயிற்சிக்கே செலவாகிவிடும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாழைப்பழமும் ரொட்டியும், முடிந்து வந்ததும் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன், காய் என்று முழுச் சாப்பாடு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாலும் சாப்பிடட்டும். தங்கைக்கும் அவனுக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டாம், ஒரே பாத்திரம், அளவுதான் வேறு. பெண் பிள்ளை என்றால் மாதவிடாய் தொடங்கிய பிறகு இரும்புச்சத்துத் தேவை கூடிவிடும். லேசாகச் சாப்பிடுகிறேன் என்று வெறும் பாலோடு படுத்துக்கொள்ளும் 14, 15 வயதுப் பெண்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பருப்பு, கீரை, முட்டை, இறைச்சி என்று உங்கள் வீட்டில் எது வழக்கமோ அது அவள் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தள்ளிவையுங்கள், இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும்.

கேள்வி: 9 வயது மகள் கொஞ்சம் குண்டாக இருக்கிறாள். பள்ளியில்தான் நன்றாகச் சாப்பிடுகிறாளே, இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. மதியத்துக்கும் மறுநாள் காலைக்கும் இடையே 18 மணி நேரம் இருக்கிறது, வளரும் உடம்பை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் மறுநாள் கண்டதைத் தின்னும் வெறிதான் வரும், ஒளித்துத் தின்னும் பழக்கமும் வரலாம். குண்டா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், மருத்துவரிடம் வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூப்பெய்தும் வயதுக்கு முன்னால் பல பெண் பிள்ளைகள் கொஞ்சம் சதை போட்டு அப்புறம் உயர்வார்கள். அதுவரை அவளுக்கென்று தனிச் சாப்பாடு வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் அதே உணவுதான். இனிப்புப் பானங்களை வீட்டுக்கு வாங்கி வருவதை நிறுத்துங்கள், யாருக்கும் வேண்டாம். டிவியோ போனோ பார்த்துக்கொண்டு சாப்பிடுவதை நிறுத்துங்கள். நேரத்துக்குத் தூங்க வையுங்கள், தூக்கம் குறைந்தால் பசி கூடும். அப்புறம், அவள் காதுபட உடம்பைப் பற்றி யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விருந்தாளிகள் உட்பட. இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சீக்கிரம் சாப்பிட்டுவிட்டால் படுக்கும்போது மறுபடி பசிக்கிறது என்கிறாள் 5 வயது மகள். நிஜமா, தூங்காமல் இருக்க ஒரு சாக்கா?

பதில்: இரண்டும் இருக்கும். 6 மணிக்குச் சாப்பிட்டு 8:30-க்குப் படுக்கும் குழந்தைக்குப் பசி வர நியாயம் உண்டு. படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், தினமும் ஒரே மாதிரி ஏதாவது சின்னதாகக் கொடுத்துவிடுங்கள்: அரை வாழைப்பழம், அரை டம்ளர் சர்க்கரை போடாத பால், ஒரு சிறு துண்டு ரொட்டி, இவற்றில் ஒன்று. சுவாரசியமில்லாததாக இருப்பது நல்லது, அப்போதுதான் பசித்தவள் தின்பாள், சாக்குச் சொன்னவள் வேண்டாம் என்பாள். சாக்லேட்டும் சாக்லேட் கலந்த பாலும் வேண்டாம், அதில் சர்க்கரையும் கொஞ்சம் காஃபினும் இருக்கிறது. பால் நல்லதுதானே என்று இரவில் பெரிய டம்ளரில் கொடுத்துச் சாப்பாட்டின் இடத்தை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். நாள் முழுவதும் சேர்த்து 400, 500 மில்லிக்குள் நிறுத்திக்கொண்டால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடம் இருக்கும். கொடுத்து முடித்ததும் பல் தேய்த்துவிடுங்கள், அதன் பிறகு தண்ணீர் மட்டும்.